மனைவி டைவ் செய்யமாட்டார்: விடுதியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் 38 வயது வாசகர் ஒருவர் விரிவான கடிதம் எழுதியிருக்கிறார். புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டவர். பிறகு அந்தமானில் அடுத்த நிலைப் பயிற்சியையும் முடித்து, 30 மீட்டர் ஆழம் வரை செல்வதற்கான சான்றிதழ் பெற்றிருக்கிறார். மனைவிக்கு 34 வயது. வீட்டிலிருந்தபடியே கைத்தறிப் புடவை வியாபாரம் செய்கிறார். அவருக்கு நீச்சல் தெரியாது. மூன்று ஆண்டுகளுக்கு முன் வலது காதின் செவிப்பறையில் இருந்த ஓட்டையை அடைக்க அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. சைவ உணவு மட்டுமே சாப்பிடுபவர். வரும் மே மாதம் மகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு, திருமணத்துக்குப் பிறகு முதல்முறையாக இருவர் மட்டும் எட்டு இரவுகள் வெளிநாட்டில் தங்கிவர விரும்புகிறார்கள்.

மாலத்தீவில் தண்ணீருக்கு மேல் கட்டிய வில்லா, மாலத்தீவிலேயே லைவ்அபோர்ட் படகு (டைவர்கள் பல நாள் தங்கியபடியே டைவ் செய்யும் படகு), பாலித் தீவின் துலாம்பென் ஆகிய மூன்றையும் பட்டியலிட்டு, எது நல்லது என்று வாசகர் கேட்கிறார். கூடவே சில எண்ணங்களையும் சொல்லியிருக்கிறார். நல்ல அறையாகப் போட்டுவிட்டால் மனைவி அங்கேயே ஓய்வாக இருந்துகொள்வார் என்பது ஒன்று. ஐந்தாறு மீட்டர் ஆழத்துக்கு ஒரு முன்னோட்ட டைவ் (பயிற்சி பெறாதவர்கள் பயிற்சியாளரோடு செய்து பார்ப்பது) செய்துவிட்டால் மனைவியுடைய பயம் போய்விடும், அதற்கு மருத்துவரான நான் ஒரு கடிதம் தரவேண்டும் என்பது இன்னொன்று. கடிதம் கிடைக்காவிட்டாலும் டைவ் சென்டர் தரும் படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று எழுதிவிட்டால் போதும் என்று நண்பர் ஒருவர் சொன்னாராம். கடிதத்தின் அடியில் மனைவியும் இரண்டு வரி எழுதியிருக்கிறார்: "எனக்குக் கடல் பிடிக்கும். ஆனால் இவர் எப்போது தண்ணீரிலிருந்து வெளியே வருவார் என்று எட்டு நாளும் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது."

அன்புள்ள வாசகருக்கு,

நண்பர்களோடு டைவிங் போய்வருவது உங்களுக்குச் சுலபம். மனைவியோடுதான் போகவேண்டும் என்று நீங்கள் நினைப்பதால்தான் இந்தக் கேள்வியே எழுந்திருக்கிறது. அந்த நினைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் பட்டியலை நீங்கள் போட்ட விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்று இடங்களிலும் கடலுக்கு அடியில் என்னென்ன பார்க்கலாம் என்று ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறீர்கள். கரையில் என்ன இருக்கிறது என்பதற்கு "நல்ல அறை, நீச்சல் குளம், ஸ்பா" என்பதோடு முடித்துவிட்டீர்கள். அந்த எட்டு நாளில் நீங்கள் தண்ணீருக்கு அடியில் இருக்கப்போவது எல்லாம் சேர்த்துப் பத்து மணி நேரம்கூட வராது. அவரோ எட்டு நாளும் கரையில் இருக்கப்போகிறார். எனவே முதலில் அவருடைய பகல்பொழுது எப்படிப் போகும் என்று திட்டமிடுங்கள். அதற்குள் உங்கள் டைவிங் எங்கே பொருந்துகிறதோ, அந்த இடம்தான் உங்கள் இருவருக்கும் உரிய இடம்.

டைவ் செய்பவருக்கு ஒரு டைவ் என்பது ஐம்பது நிமிடம். கரையில் இருப்பவருக்கு அது அரை நாள். படகில் போகும் டைவ் என்றால் காலை ஏழரைக்கெல்லாம் டைவ் சென்டரில் இருக்கவேண்டும். கருவிகளைச் சரிபார்ப்பது, படகுப் பயணம், முதல் டைவ், உடலில் சேர்ந்த நைட்ரஜன் ஓரளவு வெளியேறுவதற்காக ஒரு மணி நேர இடைவெளி, இரண்டாவது டைவ், திரும்பும் பயணம், உப்புநீர் போகக் கருவிகளை அலசிக் காயப்போடுவது எல்லாம் முடிந்து அறைக்கு வரும்போது மதியம் ஒரு மணி ஆகிவிடும். சாப்பிட்டதும் கண் சொக்கும். பிற்பகலில் மூன்றாவது டைவும் வைத்துக்கொண்டால் இரவு ஒன்பது மணிக்கு மேல் உங்களோடு யாரும் பேசமுடியாது. அந்தமானில் இந்தக் களைப்பு உங்களுக்கு உறைத்திருக்காது. கூட வந்த எல்லோரும் அதே களைப்பில்தான் இருந்தார்கள்.

படகிலேயே மனைவியும் கூட வரட்டுமே என்று பல கணவர்கள் கேட்கிறார்கள். ஒரு நாள் வந்து பார்க்கலாம், தவறில்லை. நங்கூரம் போட்டு நிற்கும் படகு ஓடும் படகைவிட அதிகமாக ஆடும். டீசல் புகை, வெயில், சரியான கழிப்பறை இல்லாமை எல்லாம் சேர்ந்தால் கடற்பயணம் ஒத்துக்கொள்ளாதவருக்கு அது தண்டனை. வியாபாரம் நடத்துகிற, மகளை வளர்க்கிற ஒருவருக்கு ஓய்வு நிச்சயம் வேண்டும். ஆனால் அவர் எழுதிய இரண்டு வரியில் ஓய்வைப் பற்றி ஒன்றும் இல்லை, காத்திருப்பதைப் பற்றித்தான் இருக்கிறது. விலை உயர்ந்த அறையில் காத்திருந்தாலும் அது காத்திருப்பதுதான்.

முன்னோட்ட டைவும் காதும்

மருத்துவர் என்ற முறையில் இதை முதலில் சொல்லிவிடவேண்டும். நேரில் பார்க்காத ஒருவருடைய காதுக்கு நான் கடிதம் தரமுடியாது. எந்த மருத்துவரும் தரக்கூடாது. அதைவிட, ஐந்தாறு மீட்டர்தானே, ஆபத்தில்லை என்று நீங்கள் நினைப்பதைத் திருத்தியாகவேண்டும். தண்ணீரில் 10 மீட்டர் இறங்கினால் உடலின் மீதான அழுத்தம் இரு மடங்காகிறது. 10 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு இறங்கும்போது அது ஒன்றரை மடங்குதான் ஆகிறது. அதாவது காதுக்குக் கடினமான பகுதி மேலே இருக்கும் முதல் சில மீட்டர்களே. ஐந்து மீட்டரில் நடுச்செவியில் இருக்கும் காற்று மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். மூக்கைப் பிடித்து மெதுவாகக் காற்றை அழுத்தி அதைச் சமன் செய்யாவிட்டால், நல்ல செவிப்பறையே அந்த ஆழத்தில் கிழிந்துபோகலாம். ஒட்டுப்போட்ட செவிப்பறையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. கிழிந்த துளை வழியாகக் குளிர்ந்த நீர் உள்ளே போனால் ஒரு நொடியில் தலை சுற்றும். மேலே எது, கீழே எது என்று தெரியாமல் போகும். நீச்சல் தெரியாத, முன்பே பயந்துபோயிருக்கும் ஒருவருக்குத் தண்ணீருக்கு அடியில் அந்த நிலை வரக்கூடாது. "வலித்தால் சைகை காட்டு, மேலே வந்துவிடலாம்" என்ற ஏற்பாடு அதற்குப் போதாது.

இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்ட யாருமே டைவ் செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒட்டு நன்றாக ஆறியிருந்து, காதுக்கும் தொண்டைக்கும் இடையிலான குழாய் ஒழுங்காக வேலை செய்தால் சிலருக்கு அனுமதி கிடைக்கிறது. உங்கள் மனைவிக்கு அறுவை செய்த காது மூக்கு தொண்டை மருத்துவரிடமே போங்கள். எந்த வகை அறுவை நடந்தது என்ற குறிப்பை வாங்குங்கள். செவிப்பறையின் அசைவையும் கேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள். டைவிங்கோடு, தண்ணீரின் மேற்பரப்பில் முகம் கவிழ்ந்து மிதக்கலாமா என்பதையும் தனியாகக் கேளுங்கள், ஏனெனில் அவருக்கு உண்மையில் பயன்படப்போவது அந்தப் பதில்தான். மேற்பரப்பில் மிதப்பவரின் காதில் ஆழத்தின் அழுத்தம் ஏறுவதில்லை. குனிந்து உள்ளே மூழ்காத வரை அவருக்கு ஸ்நார்கலிங் (முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து மேலே மிதந்தபடி பார்ப்பது) பெரும்பாலும் சாத்தியம்.

மருத்துவர் அனுமதித்தாலும் முடிவு உங்கள் மனைவியுடையது. முன்னோட்ட டைவுக்கு நீச்சல் தெரிந்திருக்கவேண்டும் என்று பெரும்பாலான டைவ் சென்டர்கள் கேட்பதில்லை. முழுப் பயிற்சிக்கோ 200 மீட்டர் நிற்காமல் நீந்தவேண்டும், பத்து நிமிடம் மிதக்கவேண்டும் என்ற விதிகள் இருக்கின்றன. முன்னோட்டத்துக்கு அந்த நிபந்தனை இல்லாததைப் பார்த்து, நீச்சல் தேவையே இல்லை என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். பயம் போகவேண்டும் என்றால் ஊருக்கு அருகில் ஏதாவது நீச்சல் குளத்தில், காது மருத்துவர் சம்மதித்த பிறகு, பெண் பயிற்சியாளர் ஒருவரிடம் இரண்டு மாதம் நீச்சல் கற்கட்டும். அந்த இரண்டு மாதம் செய்யும் நன்மையை அந்நியக் கடலில் நாற்பது நிமிட முன்னோட்டம் செய்யாது.

படிவத்தில் பொய் சொல்லும் யோசனையை இன்றோடு மறந்துவிடுங்கள். காது அறுவையைப் பற்றி அந்தப் படிவத்தில் நேரடியாகவே கேட்பார்கள். உண்மையை எழுதினால் மருத்துவர் ஒப்புதல் கேட்டு நிறுத்துவார்கள். அந்தப் படிவத்தின் வேலையே அதுதான். பொய் எழுதி ஏதாவது ஆகிவிட்டால் உடல் கெடுவதோடு, கையெழுத்திட்ட பொய்யைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனமும் கைவிரித்துவிடலாம். கையெழுத்தும் அவருடையதாகவே இருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். உங்கள் படிவத்துக்கும் இதே விதிதான். நாற்பதை நெருங்கும் வயதில் இரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மே மாதத்தில் எந்தக் கடல்

லைவ்அபோர்ட் படகை உடனே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். நாளுக்கு மூன்று, நான்கு டைவ் என்று அதன் முழு அட்டவணையும் டைவ் செய்பவருக்காகவே போடப்படுவது. மற்றவர்கள் தண்ணீரில் இருக்கும்போது சமையல்காரரோடு படகில் தனியாக இருக்கவேண்டும். கரையில் கால் வைப்பதே அபூர்வம். நண்பர்களோடு வேறொரு முறை போங்கள்.

மாலத்தீவு வில்லாவைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனெனில் அழகைப் பொறுத்தவரை அதற்கு ஈடு குறைவு. பவளப்பாறைத் திட்டு கரையை ஒட்டியே இருக்கும் விடுதியாகப் பார்த்து எடுத்தால் காலை டைவ் முடித்து எட்டரைக்கே காலைச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். பா அட்டோல் என்ற பவளத் தீவுக்கூட்டத்தில் இருக்கும் ஹனிஃபாரு விரிகுடாவில் மந்தா திருக்கைகள் கூட்டமாக வந்து மேயும். அங்கே ஸ்கூபாவுக்கே தடை, எல்லோரும் ஸ்நார்கலிங் மட்டும்தான் செய்யவேண்டும் என்பதால் கணவனும் மனைவியும் ஒரே மட்டத்தில் மிதந்து அதே காட்சியைப் பார்க்கலாம். இப்படிப்பட்ட இடம் உலகில் அதிகம் இல்லை. ஆனால் அந்தப் பருவம் மே கடைசியில்தான் மெல்லத் தொடங்கும். நவம்பர் வரை நீளும். மே மாதத்தில் அங்கே தென்மேற்குப் பருவக்காற்றும் தொடங்கிவிடுவதால் மழையும் அலையும் எந்த நாளிலும் வரலாம்.

அதைவிட எனக்குத் தயக்கம் தருவது தீவின் அளவு. விடுதித் தீவு என்றால் அந்தத் தீவில் விடுதியைத் தவிர வேறொன்றும் கிடையாது. பெரும்பாலானவற்றைக் கால்மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். கடைத்தெரு இல்லை, ஊர் இல்லை, கோயிலோ சந்தையோ இல்லை. இருவருமே சும்மா இருப்பதற்காகப் போனால் அது சொர்க்கம். ஒருவர் காலையில் படகேறிப் போய்விட, மற்றவர் தனியாக நின்றால் இரண்டாம் நாளே அது சிறுத்துப்போகும். அதன் செலவில் பாதி உங்கள் மனைவி விரும்பாத ஒன்றுக்குப் போகும். கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும் என்பதையும், மாலையில் மாலே போய்ச் சேர்ந்தால் ஓர் இரவு அங்கேயே தங்கவேண்டியிருக்கும் என்பதையும் முகவர்கள் பல நேரம் சொல்வதில்லை.

உங்கள் பட்டியலில் பாலிதான் பொருந்துகிறது என்பது என் தீர்மானமான கருத்து. மே மாதம் அங்கே மழை ஓய்ந்து வறண்ட பருவம் தொடங்கும் காலம். துலாம்பென்னின் பெருமை 'லிபர்ட்டி' என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியதில் சேதமடைந்து, இந்தக் கரையில் கொண்டுவந்து ஏற்றப்பட்டது. 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது அது சரிந்து கடலுக்குள் இறங்கியது. இன்று அதன் மேற்பகுதி சுமார் ஐந்து மீட்டர் ஆழத்திலும் அடிப்பகுதி 30 மீட்டரை ஒட்டியும் இருக்கிறது. கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். உங்களுக்கு முக்கியமான செய்தி இதுதான்: படகு தேவையில்லை. விடியற்காலை ஆறு மணிக்கு இறங்கினால் நெற்றி புடைத்த பெரிய கிளிமீன் கூட்டம் கப்பலைச் சுற்றி உறங்கி எழும் நேரம். தெற்குப் பாலியிலிருந்து வண்டிகளில் வரும் கூட்டமும் வந்திருக்காது. ஏழரை மணிக்கெல்லாம் நீங்கள் கரையில் இருப்பீர்கள், மனைவி அப்போதுதான் காபியோடு வந்து உட்கார்ந்திருப்பார்.

ஆனால் துலாம்பென்னிலேயே தங்கவேண்டாம். அது டைவர்களின் ஊர். கரை முழுக்கக் கருங்கூழாங்கல், செருப்பில்லாமல் நடக்கமுடியாது. சிலிண்டர்களைத் தலையில் சுமந்துவரும் உள்ளூர்ப் பெண்களைப் பார்ப்பது ஒரு காட்சிதான் என்றாலும், மாலையில் போய் உட்கார இடம் குறைவு. அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் ஆமெட் கடற்கரைக் கிராமங்களில் தங்குங்கள். அங்குள்ள ஜெமலுக் விரிகுடாவில் பவளப்பாறை கரையிலிருந்தே தொடங்குகிறது. காது மருத்துவர் சம்மதித்தால், அலையில்லாத காலையில், மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, வழிகாட்டி ஒருவர் கையைப் பிடித்திருக்க, உங்கள் மனைவி மீன்களைப் பார்க்கலாம். அந்த முதல் முறை வழிகாட்டியோடு நீங்களும் இருங்கள். அன்றைக்கு உங்கள் டைவை விட்டுவிடுங்கள்.

எட்டு நாளைக்கும் அவருக்குப் பாலியில் என்ன இருக்கிறது என்றால், அவருடைய தொழில் இருக்கிறது. ஆமெட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில், சண்டிடாசாவுக்கு அருகே தெங்கானான் என்ற பழைய கிராமம். அங்கே நெய்யப்படும் 'கெரிங்சிங்' துணியில் பாவு, ஊடை இரண்டையுமே தறியில் ஏற்றுவதற்கு முன்பே கட்டிச் சாயமேற்றி, நெய்யும்போது இரண்டின் நிறமும் சரியாக வந்து பொருந்துமாறு செய்கிறார்கள். குஜராத்தின் பாட்டன் பட்டோலாவில் இருக்கும் அதே நுட்பம். இந்தியா, ஜப்பானைத் தவிர இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. நூலைக் கட்டி, எண்ணெயில் ஊறவைத்து, சாயம் ஏற்றி முடிப்பதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும் துணிகளும் உண்டு. முடிச்சு அவிழ்த்த நூலைக் கையில் எடுத்துப் பார்த்ததுமே, ஒரு புள்ளி நகர்ந்தால் என்ன ஆகும் என்பது கைத்தறி தெரிந்தவருக்குப் புரிந்துவிடும். உங்களுக்கும் எனக்கும் அது விளங்க ஒரு மணி நேரம் ஆகும். சிடெமென் பள்ளத்தாக்கிலும் தறி ஓடும் வீடுகள் இருக்கின்றன. ஆமெட்டிலோ கடல்நீரைக் காயவைத்து உப்பு எடுக்கும் குடும்பங்கள் இன்றும் தொழிலை விடவில்லை. நீங்கள் கப்பலுக்குள் இருக்கும் காலையில் அவர் ஓட்டுநரோடு காரில் தெங்கானான் போய்வரலாம்; மதியச் சாப்பாட்டில் சொல்ல இருவரிடமும் ஏதாவது இருக்கும். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கவேண்டாம். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி இல்லாமல் ஓட்டி விபத்தானால் காப்பீடு கிடைக்காது.

சைவம் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். டெம்பே என்ற புளித்த சோயாக் கட்டி, டோஃபு, கடலைச் சாந்து ஊற்றிய காய்கறி எல்லா இடத்திலும் கிடைக்கும். ஆனால் 'டெராசி' என்ற இறால் விழுது பல சம்பல்களில் கலந்திருக்கும். காய்கறிச் சாப்பாடு என்று சொன்னால் மட்டும் போதாது, டெராசி வேண்டாம் என்று தனியாகச் சொல்லவேண்டும்.

செலவு மிகுந்துவிடும் என்றால் மே மாதத்துக்கு இன்னொரு யோசனை: இலங்கையின் நிலாவெளி. கிழக்குக் கரையின் நல்ல பருவம் அப்போதுதான் தொடங்குகிறது. புறாத்தீவில் ஆழமில்லாத பவளப்பாறை. திருகோணமலையில் கோணேசுவரர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள். எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழ் பேசும் ஊரில் உங்கள் மனைவி ஆட்டோ பிடித்துத் தனியாகச் சுற்றிவரலாம். யாருடைய துணையும் தேவையில்லை. டைவிங் என்ற அளவில் அது பாலிக்கு ஈடாகாது. ஆனால் முப்பது நாற்பது டைவ் கண்ட ஒருவர் ஏமாந்து திரும்பும் இடமும் இல்லை.

மலையும் விமானமும்

பாலியில் ஒரே ஒரு விஷயத்தில் நீங்கள் இருவரும் கவனமாக இருக்கவேண்டும். டைவ் முடிந்த உடனே விமானம் ஏறக்கூடாது, உடலில் மீந்திருக்கும் நைட்ரஜன் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்தால் குமிழியாகலாம் என்பது உங்களுக்குத் தெரியும். எத்தனை மணி நேரம் என்பதில்தான் கடிதத்தில் தவறு இருக்கிறது. காலை டைவ், அன்று இரவே விமானம் என்று போட்டிருக்கிறீர்கள். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர் கடைசி டைவுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்கவேண்டும். 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே எனக்கு நிம்மதி. இதே விதி மலைக்கும் பொருந்தும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 2,000 மீட்டர் உயர மலையில் இருப்பதைப் போன்றது. பாலியின் கிந்தாமணி எரிமலைக் காட்சிமுனை 1,500 மீட்டரை ஒட்டியது. பெசாகி பெருங்கோயில் ஆயிரம் மீட்டரை ஒட்டியது. காலையில் டைவ் செய்துவிட்டு, மனைவி ஆசைப்பட்டாரே என்று பிற்பகலில் காரில் கிந்தாமணிக்கு ஏறினால், உடலுக்கு அது விமானம் ஏறியதற்குக் கிட்டத்தட்டச் சமம்தான்.

எனவே மலையை முதலில் வைத்து, கடலைப் பின்னால் வையுங்கள். முதல் மூன்று இரவு உபுத் பகுதியில் தங்கி வயல்கள், பெசாகி, கிந்தாமணி எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். அந்த நாட்களில் டைவ் கிடையாது. பிறகு நான்கு இரவு ஆமெட். அதில் மூன்று காலைகள் மட்டும், நாளுக்கு இரண்டு டைவ், மதியத்துக்குள் முடித்துவிடுவது என்று புறப்படும் முன்பே இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். 'சும்மா இன்னொன்று' என்று அங்கே போய்க் கேட்காதீர்கள்; கேட்டால் அவர் சரி என்றுதான் சொல்வார், அதனால்தான் கேட்கக்கூடாது என்கிறேன். கடைசி இரவு விமான நிலையத்துக்குப் பக்கமாக சனூரில் தங்குங்கள்; ஆமெட்டிலிருந்து அங்கே வரும்போது கிந்தாமணி மலைப்பாதையைத் தவிர்த்து, அம்லாபுரா, சண்டிடாசா வழியாக வாருங்கள். பக்கத்துத் தீவான நூசா பெனிடாவில் மந்தா பார்க்கவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே நீரோட்டம் வலுவானது, உங்கள் அனுபவத்துக்கு அவசரமில்லை, முழு நாளும் போய்விடும். இம்முறை வேண்டாம்.

அவர் தெரிந்துகொள்ளவேண்டியது

டைவ் செய்யாதவருக்கு டைவிங் மருத்துவம் எதற்கு என்று நினைக்கலாம். அப்படி நைட்ரஜன் குமிழியாவதால் வரும் அழுத்தக்குறைவு நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் தண்ணீரை விட்டு வந்த பிறகே தெரியும். சில மணி நேரம் கழித்து, நீங்கள் அறையில் படுத்திருக்கும்போதும் வரலாம். தோள் அல்லது முழங்கால் மூட்டில் இனம்புரியாத வலி, விரல்களில் மரத்துப்போன உணர்வு, தோலில் திட்டுத்திட்டான நிற மாற்றம், தள்ளாட்டம், அளவுக்கு மீறிய களைப்பு ஆகியவை தெரிந்தால் டைவர்கள் வழக்கமாகச் சொல்வது "சிலிண்டர் தூக்கினேன், அதனால்தான்" என்று. அந்த மறுப்பை ஏற்றுக்கொள்ளாமல் டைவ் சென்டரை எழுப்பி, உடனே சுத்த ஆக்சிஜன் கொடுக்கவைக்கக்கூடியவர் அறையில் இருக்கும் உங்கள் மனைவிதான். அவசர எண்ணையும் காப்பீட்டு எண்ணையும் அவருடைய கைபேசியில் பதிந்து வையுங்கள். ஸ்பாவில் இருவரும் மசாஜ் செய்துகொள்வதாக இருந்தால் உங்களுடையது டைவ் இல்லாத நாளில் இருக்கட்டும். அழுத்திப் பிடித்த வலியா, நைட்ரஜன் தந்த வலியா என்று பிறகு பிரித்தறிவது கடினம்.

பணம் கட்டுவதற்கு முன்

விடுதிக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னது பிறகு நிற்காது. கரையிலிருந்து நேரடியாக எவ்வளவு தூரத்தில் பவளப்பாறை தொடங்குகிறது, நீச்சல் தெரியாதவருக்கு வழிகாட்டியும் மிதவைச் சட்டையும் உண்டா என்று கேளுங்கள். டைவ் சென்டரில் ஆக்சிஜன் இருக்கிறதா, அழுத்தக்குறைவு நோய் வந்தால் அழுத்த அறை சிகிச்சைக்கு எங்கே அனுப்புவார்கள், அது இப்போது இயங்குகிறதா என்பதையும் கேளுங்கள். பாலியில் அந்த வசதி டென்பசாரின் அரசு பொது மருத்துவமனையில் இருக்கிறது. ஆமெட்டிலிருந்து காரில் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது என்பதால், வலுவான காப்பீடு இல்லாமல் போகவேண்டாம். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் ஸ்கூபா விலக்குப் பட்டியலில் இருக்கும். உங்கள் பத்திரத்தில் அது சேர்க்கப்பட்டிருக்கிறதா, எத்தனை மீட்டர் ஆழம் வரை என்பதைப் படித்துப் பாருங்கள். 'மனைவிக்கு இலவச முன்னோட்ட டைவ்' என்று சேர்த்து விற்கும் தொகுப்புகளை வாங்காதீர்கள். பணம் கட்டியாகிவிட்டதே என்ற எண்ணம் அங்கே போய் அவரை நெருக்கும்.

இந்தியர்களுக்கு இந்தோனேசியாவில் வந்திறங்கியதும் விசா கிடைக்கும், கட்டணம் 5,00,000 ரூபியா. பாலிக்குள் நுழைய 2024 பிப்ரவரி முதல் ஆளுக்கு 1,50,000 ரூபியா சுற்றுலா வரி தனியாக உண்டு. கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாகப் போவதால் போகவரக் குறைந்தது நான்கு முறை விமானம் ஏறி இறங்கவேண்டும். அறுவை செய்த காதோடு அத்தனை முறை ஏறி இறங்குவதைப் பற்றியும் அதே காது மருத்துவரிடம், பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே, கேட்டுவிடுங்கள். புறப்படும் வாரத்தில் அவருக்குச் சளி பிடித்தால் மறுபடி ஒருமுறை காட்டுங்கள்.